ஹோனர் ஸ்பெஷல் 20: கழுத்து ஹோல்டரில் எப்படி இருக்கிறது?

ஹோனர் ஸ்பெஷல் 20 என்ற பத்துத் துளை ஹார்மோனிகா பற்றிய மதிப்பீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அநேகமாக எல்லாமே ஹார்ப்பை (வாசிப்பவர்கள் ஹார்மோனிகாவை அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து வாசிப்பவர்கள் எழுதியவை. உள்ளங்கையை மூடித் திறந்து அதை எப்படி அழவைப்பது, மைக்கோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால் ஓசை எப்படித் தடிக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டு கையையும் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற ஆளுக்கு அதில் பாதி உதவாது.

இந்த மதிப்பீடு அந்த ஆளுக்கானது. சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்த ஊரின் கஃபேயிலோ பாரிலோ கல்லூரி விழாவிலோ தனியாக நின்று ரூட்ஸ் ராக் பாடுகிறவர். ப்ளூஸும் கன்ட்ரியும் நாட்டுப்பாடலும் ராக்கோடு கலந்த இந்த இசைக்கு டிரம்ஸ், பேஸ் எல்லாம் இருந்தால் நல்லதுதான். உள்ளூர் மேடை கொடுக்கிற பணத்தில் நாலு பேருக்குப் பங்கு பிரித்தால் பெட்ரோல் காசு மிஞ்சாது. இரண்டு சரணத்துக்கு நடுவே குரலுக்கு ஓய்வு கொடுத்து இன்னொரு குரல் வந்து பேச வேண்டும் என்றால், தனியாளுக்கு இருக்கும் மலிவான வழி கழுத்தில் தொங்கும் பத்துத் துளைதான். மிசிசிப்பியில் பிறந்த ஜிம்மி ரீட் 1950களிலேயே கையில் கிட்டாரும் கழுத்தில் ஹார்மோனிகாவுமாக ப்ளூஸ் பதிவுகள் செய்தார். பிறகு பாப் டிலன், நீல் யங், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று ஹார்ப்பைக் கழுத்தில் தாங்கும் அந்தக் கம்பி வளையம், அதாவது ஹோல்டர், தனிப்பாடகர்களின் அடையாளமாகவே ஆகிப்போனது. நம் நாட்டில் இந்த இசைக்கு ஓர் ஊர் சொல்லவேண்டுமென்றால் ஷில்லாங். பாடகர் லூ மஜாவ் அங்கே 1972 முதல் மே 24ஆம் தேதிகளில் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வருகிறார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹோல்டரில் மாட்டி வாசிக்க முதலில் வாங்கவேண்டியது ஸ்பெஷல் 20தான். இதைவிடக் கூர்மையாக ஒலிப்பவை உண்டு, இதைவிட நீண்ட நாள் உழைப்பவையும் உண்டு. மோசமாக நடத்தினாலும் பொறுத்துக்கொள்வதில் இதற்கு இணை குறைவு. ஹோல்டரில் மாட்டிய ஹார்ப்பை எல்லோரும் மோசமாகத்தான் நடத்துகிறோம்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. நம் ஊர் இசைக்கருவிக் கடையில் ‘மௌத் ஆர்கன்’ என்று கேட்டால் பல இடங்களில் நீளமான, இரண்டு வரிசைத் துளை கொண்ட 24 துளைக் கருவியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது ட்ரெமோலோ. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சற்றே சுருதி விலக்கிய இரண்டு ரீடுகள் (காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள்) சேர்ந்து ஒலிப்பதால் அதில் ஓர் அலைவு கேட்கும். பழைய சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் ஸ்வரத்தை வளைக்க, அதாவது மூச்சாலும் நாக்காலும் சுருதியைச் சற்றே கீழிறக்க, முடியாது, சாதாரண ஹோல்டரிலும் அது சரியாக உட்காராது. கேட்கவேண்டியது பத்துத் துளை டயடோனிக், அதாவது ஒரே சுருதியின் ஏழு ஸ்வரங்களுக்கென்று அமைந்தது. ஹார்மோனிகா என்று போனில் கேட்டால் சில கடைக்காரர்கள் ஹார்மோனியத்தின் விலையைச் சொல்வார்கள். அது தனிக் கதை.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஊதினால் ஒலிக்கும் பத்து, உறிஞ்சினால் ஒலிக்கும் பத்து என்று மொத்தம் இருபது பித்தளை ரீடுகள். அவை இரண்டு பித்தளைத் தகடுகளில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். தகடுகளுக்கு நடுவே காற்றறைகளைப் பிரிக்கிற சட்டத்துக்கு வாசிப்பவர்கள் வட்டாரத்தில் கோம் என்று பெயர். மேலும் கீழும் இரண்டு எஃகு மூடிகள். ஹோனர் 1857இல் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய நிறுவனம். ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் இருக்கிறது. அதன் மிகப் பழைய புகழ்பெற்ற மாடலான ‘மரைன் பேண்ட் 1896’ என்பதில் கோம் பேரிக்காய் மரத்தால் ஆனது, தகடுகளை ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். ஸ்பெஷல் 20இல் கோம் பிளாஸ்டிக், பொருத்துவது திருகால். தகடுகளின் விளிம்பு பிளாஸ்டிக்குக்குள் அமிழ்ந்திருப்பதால் உதட்டில் உலோக முனை எதுவும் படாது.

கையில் பிடித்து வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் ருசி சார்ந்த விஷயம். ஹோல்டரில் வாசிப்பவருக்கு இதுதான் முதல் காரணம். பாடிப் பாடி எச்சில் ஊறிய வாயோடு, உதட்டைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், கடைசிச் சொல்லை முடித்த அடுத்த நொடியே ஹார்ப்பில் வாய் வைக்கிறோம். ஈரம் பட்டால் பூச்சில்லாத மரக்கோம் ஊதிப்போய் அதன் பற்கள் தகட்டுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். இரவு முழுக்க வாசித்தால் கீழுதட்டில் அரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். காய்ந்ததும் சுருங்கும், சுருங்கினால் காற்று கசியும். மழைக்கால ஷில்லாங்கிலோ கடலோர ஊர்களிலோ இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிளாஸ்டிக் கோமுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய மரைன் பேண்டின் கரகரப்பில் ஒரு வசீகரம் உண்டு என்பது உண்மைதான். இன்றைக்கு பூச்சிட்ட கோமும் திருகும் போட்ட மரைன் பேண்ட் வகைகளும் வருகின்றன. அவற்றுக்கு விலை கூடுதல்.

இனி கழுத்துக்கு வருவோம். ஹார்ப்பில் செலவழித்துவிட்டு ஹோல்டரில் மிச்சம் பிடிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. மெல்லிய கம்பி ஹோல்டர்களில் பக்கவாட்டு விங் நட்கள் பாட்டுக்குப் பாட்டு தளரும். மூன்றாவது பாட்டில் ஹார்ப் மார்புக்கு இறங்கிவிடும், பாடகர் அதைத் துரத்திக் கழுத்தைக் குனிப்பார். விங் நட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷரோ பல் உள்ள வாஷரோ போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குத் தடித்த கம்பியும் கழுத்துப் பகுதியில் மெத்தையும் உள்ள ஹோல்டராகப் பார்த்து வாங்குவதே வழி. ஸ்பெஷல் 20இன் மூடியும் பின்பக்கமும் சாதாரண ஸ்பிரிங் பிடிக்குள் நன்றாகவே உட்காரும். பிடிக்கும் தகடு மூடியின் பின் விளிம்பில் இருக்கவேண்டும். முன்னால் வந்துவிட்டால் மேலுதடு ஹார்ப்பில் படுவதற்கு முன் ஹோல்டரில் இடிக்கும்.

மாட்டுகிற முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஹோல்டர், அதன்மேல் கிட்டார் பட்டை. மாற்றிப் போட்டால் பட்டை ஒவ்வொரு முறை நகரும்போதும் ஹோல்டரையும் இழுக்கும். ஹார்ப்பின் எண்கள் மேல்பக்கம் தெரியவேண்டும். அப்போது கனமான ஸ்வரங்கள் இடதுபக்கம் இருக்கும். அவசரத்தில் தலைகீழாக மாட்டி, முதல் ஊதலிலேயே கீச்சென்று மேல் ஸ்தாயி வந்து அரங்கமே சிரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. உயரத்தை நின்றபடியே சரிசெய்யுங்கள், அதுவும் பாடும் நிலையில், கண் அவையைப் பார்க்கும்போது. கிட்டாரின் விரல்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே உயரம் வைத்தால் பாடும்போது ஹார்ப் தாடைக்குக் கீழே போயிருக்கும். சரியான இடம் கீழுதட்டுக்கு நேர், உதட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, வாய்ப்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்வாக. அப்போது அதற்கு மேலாகவே பாடலாம், கழுத்தைச் சற்று முன்னால் நீட்டினால் வாய்க்குள் வந்துவிடும்.

கை பிடிக்காததால் உதடு மூடும் விதம் மாறுகிறது. கையில் வைத்து வாசிக்கும்போது ஹார்ப்பை வாய்க்குள் அழுத்துகிறோம். ஹோல்டரிலோ உதட்டைக் குவித்து முட்டினால் ஹார்ப் பின்வாங்கும், ஓரத்தில் காற்று கசியும். வாயை அகலமாகத் திறந்து, மேலுதடு மூடியின் மேல் நன்றாகப் படியும்படி கவ்வ வேண்டும். ஸ்பெஷல் 20இன் முன்முனை வழவழப்பாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. துளை மாற்றும்போது தலையைத் திருப்புவதும் தவறு. திருப்பினால் உதடு கோணலாகி ஒரு பக்கம் கசியும். கழுத்தைப் பக்கவாட்டில் நகர்த்தவேண்டும். பரதத்தில் அட்டமி என்று கழுத்தை மட்டும் ஆட்டுவார்களே, அதன் சின்ன வடிவம்.

ஓசை எப்படி? நடுத்தரம். மரைன் பேண்டைவிட ஒரு பிடி வட்டமானது, பிசிறு குறைவு. கையின் உதவி இல்லாமல் வரும் ஓசை என்பதால் மெலிதாக ஒலிக்குமோ என்று பயப்படவேண்டாம். தொண்டையைத் திறந்து, கொட்டாவி விடும்போது நாக்கு இருப்பதுபோல் தாழ்த்தி வைத்து வாசித்தால் கனம் வரும். உறிஞ்சும் 2, 3, 4ஆம் துளைகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே நன்றாக வளைகின்றன. புதிதாகக் கற்பவர்களுக்கு உறிஞ்சும் 2 சத்தமே தராமல் அடைத்துக்கொள்ளும். ஹார்ப் பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். வாயைக் குறுக்கி வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். மூக்கால் காற்று கசிந்தாலும் ஸ்வரம் வளையாது.

ஸ்வர அமைப்பைக் கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நான்காம் துளையிலிருந்து ஊதினால் ச, க, ப, மேல் ச. உறிஞ்சினால் ரி, ம, த, நி. ஏழாம் துளையிலிருந்து வரிசை தலைகீழ்: அங்கே உறிஞ்சுவது நி, ஊதுவது ச, அதாவது உறிஞ்சுவதுதான் கீழே. கீழ் ஸ்தாயியில் மவும் தவும் கிடையாது. இரண்டாம் துளையை உறிஞ்சி முழுமையாக வளைத்தால் ம, மூன்றாம் துளையை ஒரு முழு ஸ்வரம் வளைத்தால் த. இந்த இரண்டையும் சுருதி தப்பாமல் பிடிப்பது கடினம். ஆகவே சங்கராபரணத்தில் அமைந்த மெட்டு எதையாவது முழுசாக வாசிக்க ஆசைப்பட்டால் நான்காம் துளைக்கு மேலேயே இருந்துகொள்ளுங்கள்.

சுருதி விஷயத்தில் ஒரு நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை. கிட்டார் சம இடைவெளி முறையில், அதாவது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து, சுருதி சேர்க்கப்பட்டது. ஸ்பெஷல் 20 அப்படியில்லை. தூய சுருதிக்கும் சம இடைவெளிக்கும் நடுவே ஒரு சமரசம். தூய காந்தாரம் சம இடைவெளிக் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்ந்தது (அரைச் சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஹோனர் அந்தத் திசையில் கொஞ்சம் போய் நிறுத்திவிடுகிறது. விளைவு, மூன்று துளைகளைச் சேர்த்து ஊதினால் வரும் கூட்டு ஸ்வரம் தேனாக இருக்கும், தனித்தனியாக டியூனரில் பார்த்தால் சில ஸ்வரங்கள் குறைவாகக் காட்டும். ஹோல்டரில் வாசிப்பவர் பெரும்பாலும் கூட்டு ஸ்வரங்களைத்தான் ஊதுகிறார் என்பதால் இந்தச் சமரசம் அவருக்குச் சாதகமே. தனி ஸ்வரத்தில் மெட்டு வாசிப்பவருக்கு உறிஞ்சும் 5, 9 சற்று உறுத்தலாம். இன்னொன்று, ஹார்ப்பைத் தொழிற்சாலையில் 440 ஹெர்ட்ஸைவிடச் சற்றே தூக்கித்தான் வைக்கிறார்கள், காரணம் மூச்சின் அழுத்தத்தில் சுருதி இறங்கும். ஆகவே டியூனர் முள் வலப்பக்கம் சாய்கிறதே என்று ரீடைச் சுரண்டப் போகாதீர்கள்.

எந்தச் சுருதியை வாங்குவது? பணம் வீணாவது இங்கேதான். ஆர்வத்தில் ஏழு சுருதிப் பெட்டியை வாங்கிவிட்டு மூன்றைத் தொடாமலேயே வைத்திருப்பவர்கள் அநேகம். ஒரு பாட்டுக்கு ஹார்ப்பை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நிலை: பாட்டின் சுருதியே ஹார்ப்பின் சுருதி. ஐந்து கட்டையில் பாடினால், அதாவது ஜியில் பாடினால், ஜி ஹார்ப். பெரும்பாலும் ஊதல், நாட்டுப்பாடல் சாயலுக்குப் பொருந்தும். இரண்டாம் நிலை: பாட்டின் மத்திமம் எதுவோ அதுவே ஹார்ப்பின் சுருதி. ஜி பாட்டுக்கு சி ஹார்ப். இப்போது ஹார்ப்பின் பஞ்சமம் பாட்டின் ஷட்ஜம் ஆகிவிடுகிறது, பெரும்பாலும் உறிஞ்சல், கிடைக்கும் அளவுகோல் ஹரிகாம்போஜி. கைசிகி நிஷாதம் தானாக வந்துவிடுவதாலும் வளைக்க வசதியான துளைகளெல்லாம் கீழே இருப்பதாலும் ப்ளூஸ் சாயல் இதில்தான்.

கிட்டார் பாடகர்களின் பாட்டுகள் பெரும்பாலும் ஜி, சி, டி, ஏ என்றே சுற்றும். முதல் நிலைக்கு ஜி, சி, டி, ஏ ஹார்ப்கள் வேண்டும். இரண்டாம் நிலையில் ஜி பாட்டுக்கு சி, டி பாட்டுக்கு ஜி, ஏ பாட்டுக்கு டி, ஈ பாட்டுக்கு ஏ. மறுபடியும் அதே நான்கு. ஆகவே சி, ஜி, டி, ஏ என்ற நான்கையும் இதே வரிசையில் வாங்குங்கள்; வேறெதுவும் முதல் வருடத்தில் வேண்டாம். குரலுக்கேற்ப சுருதியை ஏற்ற, கிட்டார் தந்திகளை அழுத்தும் கவ்வியான கேப்போ போடுகிறவர் கேப்போவையும் இந்த நான்குக்குள் அடக்கப் பார்க்கலாம்: ஜி வடிவத்துக்கு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஏ, சி வடிவத்துக்கு இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டால் டி. மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி வடிவம் என்றால் ஆறரைக் கட்டை, பி ஃப்ளாட். அந்த ஒரு பாட்டுக்காக இன்னொரு ஹார்ப் வாங்கவேண்டி வரும். அரைச் சுருதி இறக்கிப் பாடமுடியுமா என்று முதலில் பார்ப்பது மலிவு.

மைனர் பாட்டுக்கு மூன்றாம் நிலை: ஏ மைனர் பாட்டுக்கு ஜி ஹார்ப், ஈ மைனருக்கு டி. உறிஞ்சும் 4 ஷட்ஜம், அளவுகோல் கரஹரப்ரியா. இதிலும் புதிதாக வாங்கவேண்டியது ஒன்றுமில்லை.

ஹார்ப்களின் குணம் சுருதிக்குச் சுருதி மாறும். வழக்கமான வரிசையில் ஜி மிகக் கீழே. ரீடுகள் நீளம், மெதுவாகப் பேசும், மென்மையான மூச்சு கேட்கும். சி சமநிலை. டி கொஞ்சம் துடிப்பு. எஃப் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் மைக்கில் காதைக் குத்தும். ஹோல்டரில் அதை வாங்குபவர் மேல் மூன்று துளைகளை மறந்துவிடலாம்.

மூச்சுக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நிலையில் எட்டு தாள அளவு வாசித்து முடிக்கும்போது நுரையீரல் நிறைந்து முட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சரணத்தின் முதல் வரி வந்தால் குரல் இறுகிப் பிசிறும். கடைசி இரண்டு அடியில் ஒரு ஊதல் ஸ்வரத்தை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூக்கால் விட்டுவிடுங்கள். முதல் நிலையில் இதற்கு நேரெதிர்; மூச்சு தீர்ந்து நிற்பீர்கள். பாட்டை எழுதும்போதே ஹார்ப் முடியும் இடத்துக்கும் குரல் தொடங்கும் இடத்துக்கும் நடுவே அரை அளவு இடைவெளி விடுவதுதான் நல்ல தீர்வு.

சின்ன மேடையில் ஒரே மைக்கில் குரலும் ஹார்ப்பும் போகவேண்டியிருக்கும். பெரும்பாலான இடங்களில் இருப்பது 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 அல்லது அதன் சாயலில் ஒன்று, அது போதும். பிரச்சினை வேறு: ஹார்ப் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே நிற்கிறது. மைக்கை நேராக வைத்தால் ஹோல்டர் அதில் இடிக்கும் என்று பின்வாங்குவீர்கள், குரல் மெலியும்; பக்கத்தில் பாடினால் கிடைக்கிற அடித்தொனி போய்விடும். மைக்கை மூக்கின் உயரத்தில் வைத்து வாயை நோக்கிக் கீழே சாயுங்கள், உதட்டிலிருந்து ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர். குரல் நேராகப் போகும், ஹார்ப் அடியிலிருந்து போகும். ஹார்ப் குரலைவிடச் சத்தம் என்பதால் வாசிக்கும்போது ஒரு சாண் பின்வாங்கினால் சமன் ஆகிவிடும்.

மிக்ஸரில் இதற்கென்று பெரிதாக எதுவும் வேண்டாம். இரண்டரை முதல் நான்கு கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் குறைத்தால் குத்தல் அடங்கும். ஆனால் அதே சேனலில்தான் குரலும் போகிறது, அந்தப் பகுதியில்தான் சொல்லின் தெளிவு இருக்கிறது. மூன்று டெசிபெலுக்கு மேல் குறைத்தால் பாட்டின் வார்த்தைகள் மங்கும். எஸ்எம்58இன் காது முன்னால் திறந்தது, முதுகுப்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. மானிட்டரை, அதாவது உங்கள் பக்கம் திரும்பிய ஒலிபெருக்கியை, மைக்கின் முதுகுக்கு நேரே வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஹார்ப்பின் உயர் ஸ்வரங்கள்தான் முதலில் ஊளையிடும். பாடகர் பின்வாங்கும்போது மைக்குக்கு முன்னால் திறந்த வெளி வருவதால் ஊளை கிளம்புகிற நேரமும் அதுதான்.

பழுதாவது எது, ஏன்? உறிஞ்சும் 4, 5. இவை இரண்டும்தான் அநேகமாக முதலில் போகும். தம் கட்டி இழுத்து வளைப்பதால் ரீடின் அடிப்பகுதியில் பித்தளை களைத்து நுண்விரிசல் விடும். சுருதி இறங்க ஆரம்பித்தால் பிறகு நிற்காது. மேடையில் தன் ஹார்ப்பின் சத்தம் தனக்குக் கேட்காதபோதுதான் எல்லோரும் பலம் கொடுத்து இழுக்கிறார்கள். ஹோல்டரில் வாசிப்பவருக்குக் கை மூடியின் எதிரொலி கிடையாது என்பதால் இந்த ஆபத்து இரட்டிப்பு. மானிட்டரில் ஹார்ப்பை ஏற்றிக்கொள்வது ரீடுக்குச் செய்கிற காப்பீடு. ஸ்பெஷல் 20இன் ரீடுகள் இந்த விஷயத்தில் சராசரிதான். செய்டல் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனத்தின் எஃகு ரீடுகள் இதைவிட நிச்சயம் அதிகம் உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

சுருதி இறங்காமல் வெறுமனே அடைத்துக்கொண்டால் காரணம் எச்சில், சாப்பாட்டுத் துணுக்கு, அல்லது குளிர். குளிர்ந்த ரீடின்மேல் மூச்சின் ஈரம் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஏசி அரங்கில் மேடைக்குப் போகுமுன் ஹார்ப்பைச் சட்டைப்பையில் கால்மணி நேரம் வைத்திருங்கள், உடம்புச் சூடு போதும். பாட்டுக்கு இடையில் கோலாவோ பீரோ குடித்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாசியுங்கள். சர்க்கரை ரீடில் காய்ந்தால் அதைக் கழுவித்தான் ஆகவேண்டும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, பெட்டியை மூடாமல் கொஞ்சநேரம் காயவிடுவது அன்றாடப் பழக்கமாக இருக்கட்டும்.

கழுவுவதற்கு மூடியின் இரண்டு திருகுகளையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறி, காற்றில் காயவிடலாம். மரக்கோம் என்றால் இதைச் செய்யவே கூடாது. சுடுதண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். ரீடுகளைத் துணியால் குறுக்கே துடைக்காதீர்கள். பூந்தூரிகை இருந்தால் ரீடின் அடியிலிருந்து முனை நோக்கி மட்டும். தகட்டையும் கழற்றினால் திருகுகளைத் திரும்ப முடுக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள், பிளாஸ்டிக்கில் திருகின் பழைய தடத்தைத் தேடி உட்காரவைத்த பிறகே முடுக்குங்கள். வேகமாக முடுக்கினால் மரை போய்விடும், பிறகு தகடு காற்று கசியும்.

வேகமாக ஊதும்போது மட்டும் ஒரு ஸ்வரம் பேசாமல் போனால் ரீடின் முனை தகட்டோடு மிக நெருங்கியிருக்கிறது. மெல்லிய தகட்டுத் துண்டால் அடியிலிருந்து தொட்டு லேசாகத் தூக்கினால் சரியாகும். இடைவெளி ரீடு முனையின் தடிமன் அளவுக்கு இருந்தால் போதும். அதிகம் தூக்கினால் காற்றாகப் போகும். சுருதி திருத்த முனையைச் சுரண்டினால் ஏறும், ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். இதை உபயோகமற்ற ஹார்ப்பில் பழகாமல் நல்லதில் செய்யாதீர்கள். முழுக்கப் போய்விட்டால் ஸ்பெஷல் 20க்கு ரீடு தகடுகள் மட்டும் தனியாகக் கிடைக்கும். வேறு ஊரிலிருந்து வரவழைக்கும் செலவையும் சேர்த்தால் புது ஹார்ப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போட்டிக்கு யார்? ஜப்பானில் டோம்போ தயாரிக்கும் லீ ஆஸ்கர் இதே தரத்தில் இருக்கிறது. அதன் தகடு மாற்றும் ஏற்பாடு ஹோனரைவிட எளிது, சுருதி சம இடைவெளி. தனி ஸ்வர மெட்டு அதிகம் வாசிப்பவர் அதை எடுக்கலாம். கூட்டு ஸ்வரத்தை ஊதும்போது அதில் ஒரு சின்ன உரசல் கேட்கும், அதனால் ஹோல்டருக்கு ஸ்பெஷல் 20தான் மேல். ஹோனரின் மலிவு மாடல்களைப் பயிற்சிக்கென்று வாங்குவது வீண். காற்று கசிவதால் பலமாக ஊதப் பழகிவிடுவீர்கள், அந்தப் பழக்கம் அடுத்து வாங்குகிற நல்ல ஹார்ப்பின் 4ஆம் ரீடைத்தான் கொல்லும்.

யார் வாங்கவேண்டாம்? கையில் பிடித்து ஆம்ப்ளிஃபையரில் உறுமவைக்க நினைப்பவர்களுக்கு இதன் ஓசை சாது. மெட்டுகளை எல்லாச் சுருதியிலும் வாசிக்க விரும்புகிறவர் குரோமாட்டிக் (பொத்தானை அமுக்கி அரைச் சுருதிகளும் வாசிக்கும் ஹார்மோனிகா) பக்கம் போகட்டும், அதை ஹோல்டரில் மாட்டினால் பொத்தானை அமுக்கக் கை இருக்காது. பழைய ஹார்ப்பை இன்னொருவரிடம் வாங்குவதும் வேண்டாம். எச்சில் ஒரு காரணம், களைத்த ரீடைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பது பெரிய காரணம். வாய்வைத்த ஹார்ப்பைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே வாங்கிய அன்றே இருபது ஸ்வரத்தையும் மெதுவாக, ஒவ்வொன்றாக, டியூனர் முன்னால் வாசித்துப் பார்த்துவிடுங்கள். உற்பத்திக் குறை என்றால் அன்றைக்கே சொன்னால்தான் பேச முடியும்.

நான்கும் கையில் வந்த பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஹார்ப்பின் சுருதி எழுத்து மூடியில் சின்னதாகத்தான் பொறித்திருக்கும், மங்கிய பார் வெளிச்சத்தில் சியும் ஜியும் ஒன்றுபோலவே தெரியும். ஹோல்டரில் மாட்டினால் வலது கைப்பக்கம் வருகிற ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் பெரிதாக எழுதிவையுங்கள். பாட்டு வரிசைத் தாளிலும் ஒவ்வொரு பாட்டுக்கு நேரே கேப்போ எண், ஹார்ப் எழுத்து, முதலில் வாய் வைக்கவேண்டிய துளை என்று மூன்றையும் குறியுங்கள்: ‘கே2, டி, உறிஞ்சு 2’. பையில் ஐந்தாவதாக இன்னொரு சி இருக்கட்டும். ஜி பாட்டின் இரண்டாம் நிலைக்கும் சி பாட்டின் முதல் நிலைக்கும் அதுவே போவதால் முதலில் தேய்கிற ஹார்ப் அதுதான்.